80 மணி நேரம் ஓடும் என்று விற்றார், 36-இல் நின்றது: 1,350 வெள்ளி போச்சு

இன்று சாயங்காலம் மூன்றாவது முறையாக அந்தக் கடைக்குப் புகார் சொல்லப் போய் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறேன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும். ஆறிவிட்டால் 'சரி, போகட்டும்' என்று விட்டுவிடுவேன். அவர்களும் அதற்குத்தான் காத்திருக்கிறார்கள். போனது 1,350 சிங்கப்பூர் வெள்ளி. முதல்முறையாக ஆட்டோமேட்டிக் கைக்கடிகாரம் வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து கடைசி வரை படியுங்கள். என்ன செய்ய வேண்டும் என்பதையும் முடிவில் சொல்கிறேன்.

பேட்டரி இல்லாத கடிகாரம் ஒன்று கட்ட வேண்டும் என்பது எனக்குப் பல வருட ஆசை. அப்பா ஜூரோங்கில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்த காலத்தில் ஒரு எச்எம்டி, அந்தக்கால இந்தியக் கைக்கடிகாரம், கட்டியிருப்பார். கல்யாணத்துக்குத் தாத்தா வாங்கிக் கொடுத்தது. தினமும் காலையில் குளித்து, திருநீறு பூசி, அப்புறம் அதற்குச் சாவி கொடுப்பார். அந்தக் கிர்ர் கிர்ர் சத்தம் கேட்டால் மணி ஐந்தரை என்று அர்த்தம். உள்ளே சுருட்டி வைத்த ஸ்பிரிங் மெல்ல விரிவதிலேயே நாள் முழுக்க ஓடுகிற ஒரு பொருள் என் கையிலும் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். போனஸ் வந்தது. மனைவியும் "உனக்கென்று ஒன்று வாங்கிக்கொள்" என்றாள்.

கடை நகரின் நடுவே ஒரு பழைய கடைத்தொகுதியில், இரண்டாம் மாடியில். புதிதும் பழையதுமாகக் கைக்கடிகாரம் விற்கும் சின்னக் கடை. பெயர் சொல்லப் போவதில்லை, புகார் கொடுக்கப் போகிறேன்.

கண்ணாடிப் பெட்டியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். "தம்பி தமிழா?" என்று குரல் வந்தது. நாற்பத்தைந்து வயதிருக்கும். பூர்வீகம் எங்கே என்று கேட்டார். மன்னார்குடிப் பக்கம் என்றேன். "அட, எங்கம்மா திருத்துறைப்பூண்டி!" என்றார். பையனை அனுப்பிக் கீழே காப்பிக் கடையிலிருந்து தே ஓ (பால் இல்லாத தேநீர்) வாங்கிவரச் சொன்னார். அப்புறம் விலையைப் பற்றிப் பேசவே இல்லை. "எப்போது கட்டுவீர்கள், எப்போது கழற்றி வைப்பீர்கள்?" என்று கேட்டார். எந்தக் கடையிலும் யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்குக் கழற்றினால் திங்கள் காலை ஏழு மணிக்குத்தான் கட்டுவேன், சனி ஞாயிறு கிரிக்கெட்டும் பிள்ளைகளோடு நீச்சலுமாகப் போய்விடும் என்றேன். ஒரு துண்டுத்தாளை எடுத்துக் கணக்குப் போட்டார். "அறுபது மணி நேரம் சும்மா கிடக்கும். சாதாரண வாட்ச் நாற்பது மணி நேரம் தாங்கும், ஞாயிறு காலை பதினோரு மணிக்கே நின்றுவிடும். திங்கள்கிழமை அவசரத்தில் நீங்கள் நேரமும் தேதியும் திருப்பிக்கொண்டிருக்க முடியுமா? உங்களுக்கு 80 மணி நேரம் தாங்குவது வேண்டும், தம்பி. செவ்வாய் விடியற்காலை வரை ஓடும்."

அந்தக் கணக்கில் தப்பே இல்லை. இன்றைக்குப் போட்டுப் பார்த்தாலும் சரியாகத்தான் வருகிறது. கணக்கு சரியாக இருந்ததால் ஆளும் சரி என்று நம்பிவிட்டேன். நான் விழுந்தது அங்கேதான். எடுத்துக் காட்டியது கேள்விப்பட்ட ஒரு சுவிஸ் பெயர், இரண்டு வருடம் பழையது, உள்ளே இருப்பது 80 மணி நேரம் தாங்கும் பவர்மேட்டிக் 80 இயந்திரம் என்றார். 1,600 வெள்ளியாம், நமக்காக 1,350. பணத்தைப் போனிலிருந்தே பேநவ்வில் அனுப்பினேன். ரசீதில் ஆங்கிலத்தில் 'பழைய கைக்கடிகாரம் ஒன்று, உள்ளது உள்ளபடி' என்று மட்டும் எழுதியிருந்தது. 80 என்ற எண் அதில் எங்குமே இல்லை. கணக்குப் போட்ட துண்டுத்தாளை அவரே கசக்கிக் குப்பையில் போட்டது இப்போது ஞாபகம் வருகிறது.

முதல் திங்கட்கிழமை எடுத்தால் நின்றிருந்தது. சரியாகச் சாவி ஏறவில்லை போலிருக்கிறது என்று விட்டேன். அடுத்த திங்களும் அதே கதை. மூன்றாவது வாரம் சோதித்தே பார்த்தேன். சனிக்கிழமை காலை எட்டு மணிக்குத் பக்கவாட்டில் இருக்கும் திருகை நாற்பது சுற்று சுற்றி, மேசைமேல் வைத்துவிட்டு, தொடவே இல்லை. ஞாயிறு இரவு எட்டு பத்துக்கு முள் நின்றது. 36 மணி நேரம் 10 நிமிடம். இன்னும் இரண்டு தடவை செய்து பார்த்தேன், அரை மணி நேரம் முன்னே பின்னே, அவ்வளவுதான். ஒவ்வொரு தடவையும் நின்ற முள்ளைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

கடைக்குப் போனேன். "தம்பி, ஆபீசில் உட்கார்ந்தே இருப்பீர்கள், கை ஆடாது. ஒரு வைண்டர் வாங்கி அதில் மாட்டி வையுங்கள்" என்றார். வைண்டர் என்பது வாட்சை மாட்டினால் சுழற்றிக்கொண்டே இருக்கும் பெட்டி. அதுவும் அவரிடமே இருந்ததாம், 95 வெள்ளி. கை ஆடினால் உள்ளே இருக்கும் ரோட்டர் என்ற எடைத்தட்டு சுற்றிச் சாவி ஏறும், அது உண்மைதான். ஆனால் கையாலேயே முழுச் சாவி கொடுத்து வைத்தபின் கை ஆடுவதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? வைண்டரில் மாட்டினால் அது நிற்கவே நிற்காது, குறையும் எனக்குத் தெரியவே தெரியாது. அது அவருக்கு நன்றாகத் தெரியும். இரண்டாவது முறை, முதலாளி வெளிநாடு போயிருக்கிறார் என்றார். அன்றைக்கு நான் 'தம்பி' இல்லை, 'சார்'. அப்புறம் வாட்ஸ்அப்பில் பதினோரு செய்தி அனுப்பினேன். நீல டிக் விழுகிறது, பதில் இல்லை.

யாரிடமாவது காட்டலாம் என்று அங் மோ கியோவில் ஒரு புளோக்கின் கீழ்த்தளத்தில் கடிகாரம் பழுதுபார்க்கும் சீனப் பெரியவரிடம் போனேன். மைக் மாதிரி ஒன்றில் வாட்சைச் செருகினார், திரையில் கோடு கோடாக ஓடியது. டைம்கிராபர் என்கிறார்கள், டிக் டிக் சத்தத்தைக் கேட்டே உள்ளே நடப்பதைச் சொல்லிவிடும். ஒரே நிமிடத்தில் தலையை ஆட்டினார். "எயிட்டி அவர் யாரு சொன்னா, பாய்? இது 28,800."

அப்புறம்தான் எனக்குப் புரிந்தது. பவர்மேட்டிக் 80 மணிக்கு 21,600 தடவை துடிக்கும், அதாவது நொடிக்கு ஆறு. எதிலிருந்து அதை உருவாக்கினார்களோ அந்தப் பழைய 2824 என்ற இயந்திரம் மணிக்கு 28,800 தடவை, நொடிக்கு எட்டு. பழையது தாங்குவது சுமார் 38 மணி நேரம். துடிப்பைக் குறைத்து, பேரல் என்ற டப்பாவுக்குள் ஸ்பிரிங் சுற்றும் நடுத்தண்டை மெலிதாக்கி, கிடைத்த இடத்தில் நீளமான ஸ்பிரிங்கை வைத்துத்தான் 80 வரை கொண்டுபோனார்கள். என் வாட்ச் நொடிக்கு எட்டு துடிக்கிறது. உள்ளே இருப்பது வேறு இயந்திரம். யார் மாற்றினார்களோ, எப்போது மாற்றினார்களோ, எனக்கு விற்றது அந்தக் கடை.

அதுவும் ஒழுங்காக இல்லை. முழுச் சாவியில் பேலன்ஸ் வீல், அதாவது இப்படியும் அப்படியும் ஆடி நேரத்தைக் கட்டுப்படுத்தும் சக்கரம், 270 முதல் 300 டிகிரி வரை ஆட வேண்டும். என்னுடையது 212. எண்ணெய் காய்ந்து கிடக்கிறது, ஒரு நாளைக்கு 25 நொடி பின்தங்குகிறது. பெரியவர் பின்மூடியைத் திறந்து உறுதிப்படுத்தினார். பத்து வெள்ளிதான் வாங்கினார். நல்ல மனிதர். ஆனால் அவரைத் திறக்கவிட்டதற்கு இன்று நான் விலை கொடுத்துவிட்டேன்.

இன்று கடையில் இதையெல்லாம் சொல்லிப் படங்களையும் காட்டியதும், விற்றவர் தமிழையே மறந்துவிட்டார். முழுக்க ஆங்கிலம். "யூ ஓப்பன் ஆல்ரெடி, நோ வாரன்டி." வெளியே திறந்தாகிவிட்டது, இயந்திரத்தை நானே மாற்றியிருக்கலாமாம்! திருத்துறைப்பூண்டி அம்மா மகன் என் முகத்துக்கு நேரே சொன்ன வார்த்தை இது. எனக்குப் பின்னால் இரண்டு வாடிக்கையாளர்கள் நின்றிருந்தார்கள். "தள்ளி நில்லுங்கள்" என்றார். 1,350 வெள்ளி கொடுத்தவன் தள்ளி நின்றேன்.

எம்ஆர்டி ரயிலில் வரும்போது நினைத்து நினைத்து எரிந்தது. அந்த 80 மணி நேரம் எனக்கு உண்மையில் தேவையே இல்லை. தினமும் கட்டுகிறவனுக்கு நாற்பது தாராளம். சாயங்காலம் ஏழுக்குக் கழற்றி மறுநாள் ஏழுக்குக் கட்டினால் பன்னிரண்டு மணி நேரம்தானே சும்மா இருக்கிறது? சைக்கோவின் 4ஆர்36 இயந்திரம் 41 மணி நேரம் தாங்கும், எத்தனையோ பேர் அதைக் கட்டிக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார்கள். ரோலெக்ஸே தன் 3135 இயந்திரத்தில் சுமார் 48 மணி நேரம்தான் கொடுத்தது. 2015-இல் 3235 வந்த பிறகுதான் 70. அதுவரை வாங்கியவர்கள் திங்கட்கிழமை அழுதுகொண்டா இருந்தார்கள்? என்னைப்போல வாரக் கடைசியில் கழற்றி வைக்கிறவனுக்கு, அல்லது இரண்டு வாட்ச் மாற்றி மாற்றிக் கட்டுகிறவனுக்கு, 60 தாண்டினால் வசதி. அதுகூட வசதிதான். திங்கள் காலை திருகைச் சுற்றி நேரம் வைக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த ஒரு நிமிடத்துக்குப் பயந்து 1,350 வெள்ளியைத் தூக்கிக் கொடுத்திருக்கிறேன்.

எண் பெரிதானால் தரமும் பெரிது என்றில்லை. ஸ்பிரிங் விரிய விரிய அதன் இழுவை குறையும், பேலன்ஸ் வீலின் ஆட்டமும் குறையும், கடைசி மணி நேரங்களில் நேரம் பிசகத் தொடங்கும். ஜெர்மனியின் லாங்கே கம்பெனி 2007-இல் 31 நாள் ஓடுகிற வாட்ச் ஒன்றைச் செய்தது. ஒவ்வொன்றும் 1.85 மீட்டர் நீளத்தில் இரண்டு ஸ்பிரிங். அந்த இழுவை ஏறி இறங்காமல் சீராகப் போய்ச் சேர்வதற்கென்றே உள்ளே தனியாக ஒரு ஏற்பாடு வைக்க வேண்டியிருந்தது. எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்பதோடு, ஓடும்வரை எப்படி ஓடுகிறது என்றும் நான் கேட்டிருக்க வேண்டும். அப்பாவுக்குப் போன் போட்டேன். "என் எச்எம்டி ஒரு நாளைக்கு மேல் கொஞ்சம்தான் தாங்கும். காலையில் நான் எழுந்திருப்பேன் இல்லையா, அது போதும்" என்றார். அவருக்கு இன்னும் எவ்வளவு பணம் போனது என்று சொல்லவில்லை.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், மணி பதினொன்று ஆகிவிட்டது, சுருக்கமாகச் சொல்கிறேன். எத்தனை மணி நேரம் தாங்கும் என்று வாயால் சொன்னால் ரசீதில் எழுதச் சொல்லுங்கள், மறுத்தால் வெளியே வந்துவிடுங்கள். 'உள்ளது உள்ளபடி' என்று எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள். பழைய வாட்ச் என்றால் பணம் கொடுக்கும் முன்பே டைம்கிராபரில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள், அதற்கு மூடியைத் திறக்கவே வேண்டாம். வாங்கிய பிறகு குறை தெரிந்தால் கடைக்கு எழுத்தில் தெரிவிக்கும் முன் வேறு யாரையும் திறக்க விடாதீர்கள். நான் செய்த தப்பு இது.

சிங்கப்பூரில் குறையுள்ள பொருளை விற்ற கடையைப் பொறுப்பாக்கும் லெமன் லா என்ற சட்டம் 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது, பழைய பொருளுக்கும் உண்டு. ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால் அது விற்கும்போதே இருந்ததாகக் கொள்வார்கள், இல்லை என்று காட்டுவது கடையின் பொறுப்பு. தனியாள் தனியாளுக்கு விற்றால் அது கிடையாது, இணையத்தில் வாங்குகிறவர்கள் கவனிக்கவும். கேஸ் எனப்படும் பயனீட்டாளர் சங்கத்தில் புகார் கொடுக்கலாம். அதிலும் முடியாவிட்டால் சிறு தொகை வழக்குகளுக்கான ஸ்மால் கிளைம்ஸ் டிரைபியூனல், 20,000 வெள்ளி வரை, இரண்டு வருடத்துக்குள், வக்கீல் வேண்டாம்.

நான் வாங்கி ஐந்து வாரம்தான் ஆகிறது. ரசீது, பேநவ் பதிவு, நின்ற முள்ளின் மூன்று படங்கள், பதில் வராத பதினோரு செய்திகள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டுக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை விடுப்பு எடுத்திருக்கிறேன், முதலில் கேஸ். இதே மாதிரிக் கடையில் 80 மணி நேரம் என்று சொல்லி உங்களுக்கும் விற்றிருந்தால், இன்றைக்கே சாவி கொடுத்து மேசைமேல் வைத்துப் பாருங்கள்.