ஒரு நாள்தான் இருக்கிறதென்றால்: ஊற்று ஓடையா, யெல்லோஸ்டோன் ஆறா?

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் லிவிங்ஸ்டன் ஊருக்குத் தெற்கே பாரடைஸ் பள்ளத்தாக்கு. நடுவில் யெல்லோஸ்டோன் ஆறு. பக்கத்திலேயே, தனியார் பண்ணைகளுக்குள் நிலத்தடி ஊற்றிலிருந்து கிளம்பி வரும் ஆம்ஸ்ட்ராங், டெப்யூ, நெல்சன் ஓடைகள். இரண்டிலும் தானாகப் பெருகிய டிரவுட் என்ற குளிர்நீர் மீன்தான். மீன் தானே பெருகும் ஆறுகளில் பண்ணைக் குஞ்சுகளைக் கொண்டுவந்து விடுவதை மொன்டானா 1974-லேயே நிறுத்திவிட்டது. மீன்பிடிக்க ஜூலையில் கிடைத்த ஒரு நாளுக்கு நான் டெப்யூவில் பணம் கட்டினேன். கேட்பவர்களுக்கும் ஓடையைத்தான் சொல்கிறேன்.

செலவைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். ஆற்றில் மீன்பிடி உரிமம் போதும், இறங்க எல்லோருக்கும் பொதுவான ஆற்றுத்துறைகள் இருக்கின்றன. ஓடையில் உரிமத்துக்கு மேல், கோடைக்காலத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு நூறு டாலரைத் தாண்டும் கட்டணம். ஆனால் ஆற்றில் படகும் வழிகாட்டியும் அமர்த்தினால் அதைப்போல் பல மடங்கு ஆகும்.

என்னைப் பொறுத்தவரை முடிவு செய்வது தண்ணீர்தான். ஆறு பனி உருகி வருவது. மே, ஜூனில் கலங்கிப் பெருகி ஓடும். சில வருடம் ஜூலை பிறந்தும் தெளியாது. தெளிந்த பின் வெயில் ஏறினால் வேறு சிக்கல். 20 டிகிரி செல்சியஸைத் தாண்டிய நீரில் டிரவுட் திணறும். பிடித்துத் திரும்ப நீரில் விட்டாலும் பிழைப்பது சந்தேகம். அதனால் தண்ணீர் தொடர்ந்து மூன்று நாள் 23 டிகிரியை ஒட்டிச் சுட்டால், மதியம் 2 மணி முதல் நள்ளிரவு வரை மீன்பிடிக்கத் தடை போடுவார்கள். மாதக்கணக்கில் முன்னாலேயே விடுப்பும் விமானச் சீட்டும் எடுத்தவருக்குப் பாதி நாள் போச்சு. 2016 ஆகஸ்டில் சிறுநீரக ஒட்டுண்ணி நோயில் ஒயிட்ஃபிஷ் என்னும் மீன்கள் ஆயிரக்கணக்கில் செத்து, ஆற்றில் 183 மைலை மொத்தமாக மூடினார்கள். இந்த ஓடைகளைப் போல ஆற்றில் கலக்கும் துணை ஆறுகளையும் சேர்த்தே மூடினார்கள் என்பதால் அதை ஆற்றின் குறையாக மட்டும் எழுத மாட்டேன்.

ஓடைக்கு இந்த ஏற்ற இறக்கம் குறைவு. மண்ணுக்கடியிலிருந்து வரும் நீர் ஊற்றுவாயில் கோடையிலும் குளிரிலும் பத்துப் பன்னிரண்டு டிகிரியை ஒட்டியே இருக்கும். மழை பெய்தாலும் அவ்வளவாகக் கலங்காது. நீர்ச்செடிகள் அடர்ந்து வளரும், அவற்றில் பூச்சிகள் பெருகும். ஜூலையில் முற்பகல் ஏற ஏற, வெளிர்மஞ்சள் மேஃபிளை பூச்சிகள் நீரின் மேல் எழும்பும். அப்புறம் எங்கு பார்த்தாலும் மூக்கு மூக்காக நீட்டி டிரவுட் அவற்றை உறிஞ்சுவது தெரியும். எந்த மீன், எந்த இடம், எத்தனை நொடிக்கு ஒருமுறை எழுகிறது என்று பார்த்து, அதற்கென்றே ஃபிளையை, அதாவது பூச்சி மாதிரி கட்டிய தூண்டில் முள்ளை, வீச வேண்டும். ஆற்றில் படகில் மிதந்தபடி கரையோரம் வீசிக்கொண்டே போவதில் இந்தச் சுவை இல்லை. இது என் ருசி, அவ்வளவுதான்.

சரி, ஓடையில் மீன் எளிதா? இல்லவே இல்லை. கண்ணாடித் தண்ணீர், அரிசி அளவு ஃபிளை, தலைமுடி மாதிரி நூல். நிழல் விழுந்தாலே ஓடிவிடும். லிவிங்ஸ்டன் பக்கத்துக் காற்று அடித்தால் அந்த நூலை நினைத்த இடத்தில் போடவே முடியாது. ஆற்றில் ஆகஸ்டில் பெரிய வெட்டுக்கிளி ஃபிளை போடுபவருக்கு அதே காற்று உதவிதான், கரைப்புல்லில் இருக்கும் வெட்டுக்கிளிகளைத் தண்ணீரில் தள்ளிவிடும். முதன்முறை ஃபிளை தூண்டில் பிடிப்பவரையும், கூட வரும் பிள்ளைகளையும் படகில்தான் ஏற்றிவிடுவேன். குளிர்காலத்தில் ஓடைக் கட்டணம் குறையும்; அந்த மாதங்களில் நான் போனதில்லை, அதனால் கோடைக்கு மட்டும்தான் இந்தப் பரிந்துரை.

ஓடைகளில் ஒரு நாளைக்கு இத்தனை தூண்டில்தான் என்று வரம்பு உண்டு, ஜூன் கடைசியும் ஜூலையும் முதலில் நிரம்பிவிடும். இடம் கிடைக்காவிட்டால் விடியலிலேயே மல்லார்ட்ஸ் ரெஸ்ட் என்ற பொது ஆற்றுத்துறையில் இறங்கி, வெயில் உறைக்கும் முன் கரையேறிவிடுங்கள்.