அப்போஸ்டில்: ஒரிஜினலிலா, நோட்டரி நகலிலா?

வெளிநாட்டு வேலைக்குச் சேர நிறுவனம் கேட்ட பட்டியலில் ஒரு வரி இப்படி இருந்தது: ‘பட்டச் சான்றிதழ், அப்போஸ்டிலுடன்’. அப்போஸ்டில் என்பது, நம் ஆவணத்தை வெளிநாட்டில் ஏற்பதற்காக அரசு தரும் சான்று முத்திரை. அதை ஒரிஜினலிலா நகலிலா வாங்க வேண்டும் என்று ஒரு வார்த்தை இல்லை. நானும் கேட்கவில்லை. கையில் இருப்பது ஒரே ஒரு சான்றிதழ். அதன் முதுகில் எவனோ முத்திரை குத்துவதா என்று நோட்டரியிடம் உண்மை நகல் எடுத்து, அந்த நகலுக்கு அப்போஸ்டில் வாங்கி அனுப்பினேன். திரும்பி வந்தது. பிறகு ஒரிஜினலையே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆகவே இந்த ஒப்பீட்டில் நான் நடுநிலை வகிக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அடிப்படை இரண்டு வரிதான். போகிற நாடும் ஆவணம் தந்த நாடும் அப்போஸ்டிலுக்கான 1961 ஹேக் உடன்படிக்கையில் இருந்தால் ஒரே ஒரு அப்போஸ்டில் போதும். இல்லையென்றால் வெளியுறவுத் துறை, அதன்பின் தூதரகம் என்று முத்திரை மேல் முத்திரை. இதில் பழைய அனுபவசாலிகளின் பேச்சை அப்படியே நம்பாதீர்கள். சவூதி அரேபியாவில் 2022 டிசம்பரிலும், சீனாவில் 2023 நவம்பரிலும், கனடாவில் 2024 ஜனவரியிலும்தான் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் போனவர் சொல்லும் தூதரகக் கதை இன்று உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். ஒரு நாடு புதிதாகச் சேரும்போது ஏற்கெனவே உள்ள நாடு ஆட்சேபம் தெரிவித்தால், அந்த இரண்டு நாடுகளுக்கு இடையே மட்டும் அது செல்லாது. அதனால் இரண்டு பெயரும் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்தால் போதாது, ஆட்சேபம் உண்டா என்றும் பார்க்க வேண்டும்.

நகல் வழியின் வசதிகள் தெரிந்தவைதான். வேலை சீக்கிரம் முடியும், ஒரிஜினல் வீட்டிலேயே இருக்கும், எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுக்கலாம்.

ஆனால் திரும்பி வந்த உறையைப் பிரித்து, அந்த அப்போஸ்டிலை முதன்முறையாக வரிவரியாகப் படித்தபோதுதான் விஷயம் புரிந்தது. அப்போஸ்டில் என்பது எண்ணிட்ட 10 கட்டங்கள் கொண்ட ஒரு சதுரம். 2-ஆவது கட்டத்தில் ஆவணத்தில் கையெழுத்திட்டவர் பெயர், 3-ஆவதில் அவர் என்ன பதவியில் கையெழுத்திட்டார் என்பது. என் நகலில் 2-ஆவது கட்டத்தில் நோட்டரியின் பெயர் இருந்தது. 3-ஆவதில் ‘நோட்டரி’. பல்கலைக்கழகத்தின் பெயர் அந்தச் சதுரத்தில் எங்குமே இல்லை!

அப்போஸ்டில் ஆவணத்தின் உள்ளடக்கத்துக்குச் சாட்சி சொல்வதில்லை. கையெழுத்து, கையெழுத்திட்டவரின் பதவி, முத்திரை ஆகிய மூன்றும் மெய் என்று மட்டும்தான் சொல்கிறது. நகலில் இருக்கும் மெய்யான கையெழுத்து நோட்டரியுடையது. அவரோ ‘என்னிடம் காட்டிய தாளும் இந்தத் தாளும் ஒன்றுபோல் இருக்கின்றன’ என்கிறார், அவ்வளவுதான். காட்டிய தாள் போலியாக இருந்தாலும் நகல் உண்மை நகல்தான், அதன் மேல் விழும் அப்போஸ்டிலும் உண்மையான அப்போஸ்டில்தான். பட்டத்தை நம்பி ஆள் எடுக்கிற இடம் இதை ஏன் ஏற்கும்? ஒரிஜினலில் வாங்கியபோது அந்த 2-ஆவது கட்டத்தில் வந்தது, பல்கலைக்கழகத்தில் விசாரித்து உறுதிசெய்த அரசு அதிகாரியின் பெயர். சில நாடுகளில் பதிவாளரின் பெயரே நேராக வரும். எப்படியானாலும் அந்தக் கையெழுத்து பட்டம் வரைக்கும் போய்ச் சேர்கிறது. தூதரக வழியிலும் இதே கணக்குதான். ஒவ்வொரு முத்திரையும் தனக்கு முந்தைய முத்திரைக்குத்தான் சாட்சி. முதல் கண்ணி நோட்டரி என்றால், மேலே எத்தனை சேர்ந்தாலும் அடியில் இருப்பது நோட்டரியேதான்.

‘அடுத்த நாட்டுக்குப் போனால் மறுபடியும் குத்துவார்களே’ என்ற பயம் எனக்கும் இருந்தது. அப்போஸ்டிலில் அது பாதி வீண் பயம். ஒருமுறை வாங்கியது அந்த ஒரு நாட்டுக்கு மட்டும் அல்ல, உடன்படிக்கை நடைமுறையில் இருக்கும் மற்ற நாடுகளுக்கும் செல்லும். அதற்குக் காலாவதித் தேதி என்று உடன்படிக்கை எதையும் வைக்கவில்லை. (காவல்துறை நற்சான்று போன்றவை இத்தனை மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும் என்று கேட்பார்கள். அது அந்தச் சான்றின் வயதைப் பற்றிய விதி, அப்போஸ்டிலைப் பற்றியது அல்ல.) தூதரக முத்திரை அந்த ஒரு நாட்டோடு சரி. நாலு நாடு சுற்றினால் சான்றிதழின் பின்பக்கம் நிரம்பிவிடும். அந்த இடத்தில் நகல்காரர்கள் சொல்வது நியாயம்தான்.

நகலே சரியான இடங்களும் உண்டு. பாஸ்போர்ட்டின் மேல் யாரும் அப்போஸ்டில் ஒட்ட மாட்டார்கள், அதற்கு நோட்டரி நகல்தான். அதிகாரப் பத்திரத்தில் (பவர் ஆஃப் அட்டர்னி) நோட்டரியின் கையெழுத்தே முக்கியம், அங்கே இந்த வாதமே எழாது. பிறப்புச் சான்றிதழுக்கு நான் இரண்டு வழியையும் விட்டுவிட்டுப் பதிவு அலுவலகத்தில் புதிதாக ஒன்று வாங்கி அதில் முத்திரை வாங்கினேன். திரும்ப வாங்க முடிகிற ஆவணத்துக்கு இந்தத் தலைவலியே தேவையில்லை.

ஒரிஜினலைக் கொடுக்கிறவர்களுக்கு இரண்டு விஷயம். லேமினேஷன் செய்திருந்தால் பல இடங்களில் வாங்க மாட்டார்கள். உரிக்கப்போய் மையும் சேர்ந்து வந்துவிட்டால் பெரிய இழப்பு, முதலில் விசாரியுங்கள். அப்போஸ்டிலைத் தனித் தாளில் இணைத்துத் தருவதும் முறைதான். அப்படித் தந்தால் ஸ்கேன் எடுக்கிற அவசரத்தில் பின்னைக் கழற்றிவிடாதீர்கள். பிரித்துச் சேர்த்த தாளைப் பார்த்தால் எதிர்முனையில் சந்தேகம்தான் வரும். என்னோடு விண்ணப்பித்த ஒருவர் இதற்காகவே இரண்டாம் முறை வரிசையில் நின்றார்.

மூன்றாவதாக மின்-அப்போஸ்டில் இருக்கிறது. இதற்கான திட்டம் 2006-இலேயே தொடங்கிவிட்டது, தரும் நாடுகளும் கூடிக்கொண்டே போகின்றன. கோப்பிலேயே டிஜிட்டல் கையெழுத்து இருக்கும், இணையப் பதிவேட்டில் எண்ணைக் கொடுத்துச் சரிபார்க்கலாம். முதுகில் முத்திரை என்ற பேச்சே இல்லை. நான் வாங்கிப் பார்த்ததில்லை, அதனால் எதிர்முனையில் எப்படி நடத்துகிறார்கள் என்று அனுபவமாகச் சொல்ல முடியாது. அச்செடுத்து நீட்டினால் மட்டும் பயனில்லை, டிஜிட்டல் கையெழுத்து கோப்பில்தான் இருக்கிறது, காகிதத்தில் இல்லை.