ஆறு வருடம், மூன்று கொசு பேட்

எங்கள் வீட்டுக்குக் கொசு பேட் வந்து ஆறு வருடம் ஆகப்போகிறது. இப்போது கையில் இருப்பது மூன்றாவது. முதல் பேட் 9 மாதம்கூடத் தாங்கவில்லை. இரண்டாவது ஒன்றரை வருடம் உழைத்தது. மூன்றாவதுக்கு மூன்றரை வருடம் முடிந்துவிட்டது. கொசு பட்டால் எழும் சத்தம் இன்னும் முதல் நாள் போலவே கேட்கிறது. கொசுவர்த்திப் புகை பட்டாலே மகளுக்கு இருமல் வரும். அதனால்தான் பேட்டுக்கு மாறினோம்.

முதல் சில வாரங்கள் பூப்பந்து ஆடுவதுபோல வீசி வீசி அடித்தோம். பேட்டின் விளிம்பு சுவரில் இடிக்கும், கொசு நழுவிவிடும். வீசவே தேவையில்லை என்று புரிவதற்கு நாள் பிடித்தது. கொசு மெதுவாகப் பறக்கும் பூச்சி. மணிக்கு ஒன்றிரண்டு கிலோமீட்டர்தான் அதன் வேகம், நாம் நடப்பதைவிடக் குறைவு. கையால் தட்டும்போது உள்ளங்கை தள்ளும் காற்று கொசுவையும் சேர்த்துத் தள்ளிவிடுகிறது. பேட்டில் அந்தத் தொல்லை கிடையாது, காற்று வலைக்குள் புகுந்து போய்விடும். அதனால் பேட்டை மெதுவாகக் கொண்டுபோனாலே போதும். கொசு சுவரில் உட்கார்ந்திருந்தால், பட்டனை அழுத்திக்கொண்டு வலையை ஓர் அங்குல தூரத்தில் சுவருக்கு நேராகப் பிடிப்பேன். அது கிளம்பினால் வலைக்குள்தான் வந்தாக வேண்டும். மேசைக்கு அடியில் கணுக்காலைச் சுற்றுகிற கொசுவுக்கு, பேட்டைத் தரையோடு ஒட்டினாற்போல் பிடித்து மெல்ல நகர்த்துவேன். திரைச்சீலை மடிப்பு, கதவுக்குப் பின்னால் மாட்டிய கறுப்புச் சட்டை, கட்டிலுக்கு அடி, இந்த மூன்று இடத்தையும் ஒரு கையால் லேசாக உலுக்கிவிட்டு மறுகையில் பேட்டைக் காட்டினால் பாதி வேலை முடிந்தது.

ஈக்கு இது சரிப்படாது. ஈ கிளம்பும் வேகமே வேறு. அது உட்கார்ந்திருக்கும்போது மேலிருந்து வலையை இறக்கினால் எழும்பி வந்து மாட்டிக்கொள்ளும். ஆனால் சாப்பாட்டு மேசைக்கு மேல் மட்டும் வேண்டாம். மின்சாரம் பாயும்போது ஈயின் உடம்பு வெடித்துத் துணுக்குகள் தெறிக்கும், அதில் இருக்கும் கிருமியும் கூடவே தெறிக்கும். கரப்பான் மயங்கிக் கிடந்துவிட்டுக் கொஞ்ச நேரத்தில் காலை ஆட்டத் தொடங்கும். ஈசல் வந்தால் வலை முழுக்க இறக்கை அடைத்துக்கொள்ளும். விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருப்பதே நல்லது. தேனீ வழிதவறி வந்தால் ஜன்னலைத் திறந்துவிடுங்கள், அதன்மேல் பேட்டை நீட்டாதீர்கள். சுவரில் பல்லி இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வதும் நல்லது. அதுவும் கொசு பிடிக்கும்.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் பேட்டைச் சரியாக வைத்துக்கொள்ளக் கற்றேன். கைப்பிடிக்குள் இருக்கும் பேட்டரி வெறும் 4 வோல்ட் அளவுதான். ஒரு சிறிய சர்க்யூட் அதை வேகமாக விட்டுவிட்டுப் பாயும் மின்சாரமாக மாற்றுகிறது, குட்டி டிரான்ஸ்பார்மர் அதை உயர்த்துகிறது, டயோடும் கெப்பாசிட்டரும் சேர்ந்து இன்னும் பெருக்குகின்றன. கம்பிவலைக்கு வரும்போது அது ஆயிரம், இரண்டாயிரம் வோல்ட். பெரும்பாலான பேட்டில் வலை மூன்று அடுக்கு. வெளியே இருக்கும் இரண்டும் ஒரு முனை, நடுவில் இருப்பது மறுமுனை. கொசு இடையில் நுழைந்ததும் கெப்பாசிட்டரில் தேங்கியிருந்த மின்சாரம் மொத்தமாக அதன் வழியே பாய்கிறது. அதுதான் அந்தப் ‘பட்’ சத்தம். சத்தம் மெலிந்து, விழுந்த கொசு இரண்டு நிமிடத்தில் எழுந்து பறந்தால் பேட்டரி இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

பட்டனை விட்ட பிறகும் சிறிது நேரம் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். இது எனக்குப் பட்டுத் தெரிந்தது. வலையில் சிக்கிய கொசுவை எடுக்க உடனே விரலை வைத்தேன், சுண்டி இழுத்துக் கை முட்டிவரை விறைத்துப்போனது. அன்றிலிருந்து, பிளாஸ்டிக் பிடி போட்ட ஸ்க்ரூடிரைவரால் வெளிவலையையும் நடுவலையையும் ஒருசேரத் தொட்டு, மிச்ச மின்சாரத்தைத் தீர்த்த பிறகே பழைய பல்துலக்கும் பிரஷால் துடைக்கிறேன். தண்ணீர் காட்டுவதில்லை.

முதல் பேட் செத்ததற்குக் காரணம் நான்தான். அது லெட்-ஆசிட் பேட்டரி. கொசு குறைந்த மாதங்களில் சார்ஜ் தீர்ந்த நிலையிலேயே அலமாரியில் போட்டுவிட்டேன். இந்த வகை பேட்டரி காலியாகக் கிடந்தால் உள்ளே தகடுகளில் சல்பேட் இறுகிவிடும், பிறகு சார்ஜ் ஏறாது. இரண்டாவதற்கு அந்தப் பாடத்தைத் தலைகீழாகச் செய்தேன். தினமும் ராத்திரி முழுக்கப் பிளக்கில் செருகி வைத்தேன். சார்ஜ் நிறைந்ததும் தானாக நிற்கும் வசதி அதில் இல்லை; பேட்டரி உப்பிக் கைப்பிடியே விரிந்துவிட்டது. இப்போது இருப்பது லித்தியம் பேட்டரி, போன் சார்ஜர் வயரில் ஏறுவது, நிறைந்ததும் தானே நின்றுவிடும். பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் மாதம் பிறந்தால் ஒருமுறை ஏற்றிவிடுகிறேன். அடியில் பிளக் முள் வெளியே வரும் பழைய வகை உங்களிடம் இருந்தால் ஒன்று கவனியுங்கள். அவற்றில் பலவற்றுக்குள் சுவர் மின்சாரத்துக்கும் உள் சர்க்யூட்டுக்கும் நடுவே தடுப்பே கிடையாது. சார்ஜில் இருக்கும்போது பட்டனை அழுத்தவோ வலையைத் தொடவோ கூடாது, குழந்தைகள் கைக்கு எட்டும் இடத்தில் செருகவும் கூடாது.

இதைவிடப் பெரிய ஆபத்து தீ. வலையில் எழுவது நெருப்புப் பொறி. பூச்சிமருந்து ஸ்ப்ரேயில் இருக்கும் வாயு எளிதில் பற்றிக்கொள்ளும், அதை அடித்த அறையில் உடனே பேட்டை எடுக்காதீர்கள். 2020ல் பிரான்சில் ஒரு முதியவர் ஈ அடிக்க மின்பேட்டை எடுத்தபோது, வீட்டில் கசிந்திருந்த கேஸ் வெடித்துச் சமையலறை நாசமானது, கூரையின் ஒரு பகுதியும் போய்விட்டது. அவர் உயிர் தப்பியதே பெரிய விஷயம். சமையலறையில் கேஸ் வாடை துளி வந்தாலும் நான் பேட்டைத் தொடுவதில்லை.

மூன்றாவது பேட்டோடு ஊதா விளக்குத் தாங்கியும் வந்தது. ராத்திரி நிறுத்தி வைத்தால் கொசு தானே வந்து விழும் என்று அட்டைப்பெட்டியில் எழுதியிருந்தார்கள். காலையில் பார்த்தால் கிடந்தவை பெரும்பாலும் சிறு அந்துப்பூச்சிகள். கொசு தேடி வருவது நம் மூச்சுக்காற்றையும் உடல் சூட்டையும், விளக்கை அல்ல. 1996ல் டெலவேர் பல்கலைக்கழகத்தினர் வீட்டுத் தோட்டங்களில் வைத்த இப்படிப்பட்ட விளக்குப் பொறிகளில் விழுந்தவற்றை எண்ணிப் பார்த்தார்கள். 13,789 பூச்சிகளில் கடிக்கும் வகை வெறும் 31. மீதியெல்லாம் நம்மை ஒன்றும் செய்யாத உயிர்கள். அதைப் படித்த நாளிலிருந்து தாங்கியைப் பரணில் போட்டுவிட்டேன்.

இந்த ஆறு வருடத்தில் பேட்டால் கிடைத்த உண்மையான பலன், நான் எதிர்பார்க்காத பக்கத்திலிருந்து வந்தது. இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு நாள் மகள், “அப்பா, காலையிலேயே பேட் சத்தம் கேட்குது, முன்னாடி சாயங்காலம்தானே கேட்கும்?” என்றாள். சட்டென்று உறைத்தது. அப்புறம் விழுந்தவற்றை உற்றுப் பார்த்தேன். காலில் வெள்ளை வரி. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு, பகலில் கடிப்பது. அன்றிலிருந்து எத்தனை அடித்தோம் என்று காலண்டரில் எழுத ஆரம்பித்தோம். ஒரு நாள் 6, மறுநாள் 9, அந்த வாரக் கடைசியில் 14. ஜன்னலுக்கெல்லாம் வலை அடித்திருக்கிறோம். அப்படியிருந்தும் இத்தனை என்றால் பிறப்பிடம் உள்ளேதான் இருக்க வேண்டும். ஏடிஸ் பிறந்த இடத்தை விட்டு வெகுதூரம் போகாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தேடினோம். ஃபிரிட்ஜின் பின்னால், கீழே நீர் வடிந்து தேங்கும் தட்டில் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. ஜன்னலோரம் மணி பிளான்ட் வைத்திருந்த பாட்டிலிலும் இருந்தன. எவ்வளவு அடித்தாலும் தீராததற்குக் காரணம் அங்கே கிடந்தது. வெயில் காலத்தில் முட்டை கொசுவாக மாற ஒரு வாரம், பத்து நாள் போதும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. ஏடிஸ் முட்டை பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு ஈரமில்லாமலே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், திரும்பத் தண்ணீர் பட்டால் பொரிந்துவிடும். தேய்த்துக் கழுவ வேண்டும். அதற்கடுத்த இரண்டு வாரத்தில் காலண்டர் எண்ணிக்கை 14லிருந்து 2ஆக இறங்கியது, பிறகு நாள்கணக்கில் ஒன்றுமே இல்லை. வெறும் பேட்டை வைத்துக்கொண்டு அந்த நிலைக்கு வந்திருக்க முடியாது. ஆனால் அந்தச் சத்தத்தை எண்ணாமல் இருந்திருந்தால் தட்டை இழுத்துப் பார்க்கவும் தோன்றியிருக்காது.

இப்போதும் ஞாயிறுதோறும் அந்தத் தட்டைக் கழுவுகிறோம், காலண்டரில் எழுதுவதையும் விடவில்லை. பேட்டின் நடுவலையில் ஒரு கம்பி போன மாதம் லேசாக வளைந்து சும்மாவே பொறி தட்டியது. மிச்ச மின்சாரத்தைத் தீர்த்துவிட்டு மரக்குச்சியால் நிமிர்த்தினேன், சரியாகிவிட்டது. இந்த மாதக் கணக்கு இதுவரை நான்கு, நான்குமே வெள்ளை வரி இல்லாத ராத்திரிக் கொசு.