மலைக்கு முழு மதிப்பெண், கரைக்குப் பாதி: யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு கேரளச் சுற்றுலா

பலாலியிலிருந்து திருச்சிராப்பள்ளிக்கு நேரடி விமான சேவை 2025 மார்ச் இறுதியில் ஆரம்பமானதன் பின்னர், யாழ்ப்பாணத்தவர் கேரளத்துக்குப் போகும் வழி மாறிவிட்டது. முன்பு இரவு பஸ்ஸில் கொழும்பு விமான நிலையமுள்ள கட்டுநாயக்காவுக்குப் போய், அங்கே விடியும்வரை காத்திருந்து, கொச்சிக்குப் பறக்க வேண்டும். இப்போது ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்தில் திருச்சியில் இறங்கி, திண்டுக்கல், தேனி, கம்பம் வழியாக வான் வண்டியில் போனால் அன்றைக்கே மலையடிவாரத்தை அடைந்துவிடலாம். இந்த வழியை நம்பி நகரில் விற்கப்படும் 'தேக்கடி – மூணாறு – கொச்சி – ஆலப்புழை' சுற்றுலாப் பொதியொன்றில் ஓகஸ்ட் தவணை விடுமுறையில் குடும்பமாகச் சென்று வந்தோம். சிறு வித்தியாசங்களுடன் பல ஏற்பாட்டாளர்களும் இதையே விற்பதால், எவருடைய பெயரையும் சொல்லாமல் பொதியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறும் இல்லாத, கீரிமலை என்ற பெயரைத் தவிர மலையும் இல்லாத ஒரு குடாநாட்டிலிருந்து போகிறவருக்குக் கேரளத்தில் புதிதாகக் கிடைப்பவை மலையும் காடும் ஓடும் நன்னீரும்தான். தென்னையும் கடற்கரையும் ஒல்லாந்தர் கோட்டையும் நமக்கு வீட்டிலேயே இருக்கின்றன. ஆனால் இந்தப் பொதி வட இந்தியரையும் ஐரோப்பியரையும் மனதில் வைத்து வகுக்கப்பட்ட நிரலை அப்படியே நம்மிடம் விற்கிறது. ஆகையால் நமக்கு மிகவும் வேண்டிய இடத்தில் அவசரப்படுத்துகிறது; அவ்வளவு வேண்டாத இடத்தில் சாவகாசமாக உட்கார வைக்கிறது.

பொதியின் நிரலில் இல்லாத கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தே தொடங்குகிறேன். உரும்பிராய்ப் பக்கத்துத் திராட்சைப் பந்தல்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, கம்பத்தில் வீதியின் இருபுறமும் பந்தல் முடியாமல் நீண்டு செல்வது வியப்பைத் தரும். அந்தப் பசுமையின் காரணம் மலைக்கு அப்பால் இருக்கிறது. மேற்கே அரபிக் கடலை நோக்கி ஓடும் பெரியாற்றை முல்லைப் பெரியாறு அணையால் மறித்து, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திருப்பிவிட்டார்கள். சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு கட்டப்பட்ட அந்த அணை 1895இல் நிறைவடைந்தது. கட்டிய பொறியியலாளர் பென்னிகுயிக்கின் படம் தேனிப் பக்கத்துக் கடைகளில் சாமி படங்களோடு தொங்குவதையும், அவருக்கு லோயர் கேம்ப்பில் மணிமண்டபம் எழுப்பியிருப்பதையும் பார்க்கும்போது, கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்துத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவருவதைப் பற்றி நாம் இன்னமும் வாதாடிக்கொண்டிருப்பது நினைவுக்கு வராமல் போகாது. அணையின் நீர்மட்டத்தை 142 அடி வரை உயர்த்த இந்திய உச்ச நீதிமன்றம் 2014இல் அனுமதித்ததும், கேரளம் அதன் பாதுகாப்பைப் பற்றி அச்சம் தெரிவித்து வருவதும் அங்கே தேநீர்க் கடை வரை பேசப்படும் விடயங்கள். மணிமண்டபத்தில் வானை நிறுத்தும்படி நாங்களே கேட்க வேண்டியிருந்தது. சாரதி மகிழ்ச்சியோடு நிறுத்தினார்.

தேக்கடியில் பொதியின் முதன்மையான பொருள் பெரியாறு ஏரியின் படகுச் சவாரி. 925 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள புலிகள் காப்பகத்தின் நடுவே அந்த அணையினால் உருவான ஏரி அது. நீரில் மூழ்கி இறந்த மரங்களின் அடிக்கட்டைகள் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இன்னும் நிமிர்ந்து நிற்கின்றன. அவற்றின் நுனிகளில் நீர்க்காகங்களும் பாம்புத்தாராக்களும் சிறகு விரித்துக் காய்கின்றன. இந்தக் காட்சிக்காகவே காலை முதற் படகில் போகலாம். ஆனால் விளம்பரத்தில் புலியின் படத்தைப் போட்டு விற்பது நியாயமன்று. படகிலிருந்து புலியைக் காண்பது மிக அரிது. மழைக்காலத்தில் காட்டுக்குள்ளேயே எங்கும் தண்ணீர் கிடைப்பதால் யானைகள்கூட ஏரிக்கரைக்கு வர வேண்டிய தேவை இல்லை. வறட்சி கூடும் பெப்ரவரிக்குப் பின்னரே அவற்றை நன்றாகப் பார்க்கலாம். எங்களுக்குத் தூரத்தில் சில காட்டெருமைகளும் ஒரு மிளா மான் கூட்டமும் தென்பட்டன. மின்னேரியாவில் ஓகஸ்ட், செப்ரெம்பர் மாதங்களில் குளத்தடியில் கூடும் யானைகளைப் பார்த்தவர் யானைக்காகத் தேக்கடிக்குப் போக வேண்டியதில்லை. படகில் உயிர்காப்பு அங்கியைக் கட்டாயப்படுத்துகிறார்கள். 2009 செப்ரெம்பர் 30 அன்று இதே ஏரியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்ததை அறிந்தவர் அந்தக் கண்டிப்பைக் குறை சொல்லமாட்டார்.

பொதியில் இல்லாத ஒன்றே தேக்கடியின் சிறந்த அனுபவம் என்பேன். வனத்துறையின் ஏற்பாட்டில், உள்ளூர் மக்களின் குழுக்கள் காட்டுக்குள் நடத்திச் செல்லும் நடைப்பயணங்களும் மூங்கில் தெப்பப் பயணமும் உண்டு. ஒரு காலத்தில் காட்டுக் கறுவாப் பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றவர்களே அந்த வழிகாட்டிகளிற் பலர். வழக்குகளிலிருந்து விடுவித்து, அவர்களுடைய காட்டறிவையே காவலாக மாற்றிய திட்டம் அது. எந்தத் தடம் எப்போது பதிந்தது, எந்தக் கிளையை யானை முறித்தது என்று அவர்கள் சொல்வதைக் கேட்கும்போது வில்பத்துவிலும் யாலவிலும் ஜீப்புகள் ஒன்றையொன்று முந்திப் புழுதி கிளப்புவதை எண்ணிக் கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது. கட்டணத்தைத் தனியாகக் கட்ட வேண்டும். முன்கூட்டியே பதிய வேண்டும். மழைக்காலத்தில் அட்டைக்குத் தனிக் காலுறை அணிய வேண்டும். முழங்கால் நோவு உள்ளவர்கள் தெப்பத்தையும் நடையையும் விட்டுப் படகோடு நிற்பதே நல்லது.

இதற்கு நேரம் கிடைக்காமைக்குக் காரணம் வாசனைத் திரவியத் தோட்டமும் எண்ணெய்க் கடையும்தான். மாத்தளையில் நாம் நன்கு அறிந்த அதே நாடகம்: இலவசச் சுற்று, மூலிகை விளக்கம், முடிவில் கதவு திறக்கும் கடை. தேக்கடியை ஒட்டிய குமுளி நகரைச் சுற்றியிருப்பது ஏலக்காய் மலை. ஏலக்காய் வாங்குவதானால் பசாரில் தரம் பிரித்து விற்கும் கடைகளில் வாங்குங்கள். கடை நிறுத்தங்களை நீக்கும்படி புறப்படும் முன்னரே ஏற்பாட்டாளரிடம் சொல்லிவிடலாம்.

மூணாற்றுக்கு ஏறும் வழியே ஒரு காட்சி. பொதியைப் பற்றிய என் பெரிய முறைப்பாடும் இங்கேதான். 'மூணாறு விடுதி' என்று எழுதியிருந்தாலும், எங்களைத் தங்கவைத்த இடம் நகரிலிருந்து வெகு கீழே, குளிர் எட்டாத ஓர் ஊரில் இருந்தது. காலையும் மாலையும் வளைவுப் பாதையில் ஏறி இறங்குவதிலேயே நேரம் கழிந்தது. விடுதியின் ஊர்ப் பெயரை எழுத்தில் கேட்டு வாங்காமல் பணம் கட்ட வேண்டாம். விடுதி சுத்தமாகவும் பணியாளர் பண்பாகவும் இருந்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இரவிகுளம் தேசியப் பூங்காவுக்கு மட்டும் போய் வந்தாலும் மூணாறு தகும். 97 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள அந்தப் புல்மலைக்கு நம் வாகனத்தை விடுவதில்லை. வனத்துறை பஸ்ஸில் ராஜமலைக்கு ஏறி, மேலே குறித்த தூரம் வரை தார்ப் பாதையில் நடக்கலாம். மேற்குத் தொடர்ச்சி மலையில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் மட்டுமே வாழும் வரையாடுகள் அங்கே மனிதரைக் கண்டு விலகுவதில்லை. பாறை விளிம்பில் நின்றபடி நம்மை ஒருமுறை பார்த்துவிட்டு மேயத் தொடங்குகின்றன. எதிரே 2,695 மீற்றர் உயரமான ஆனைமுடி, முகில் விலகினால் தெரியும். நம் பிதுருதலாகலையைவிட உயரமானது. அனுமதிச் சீட்டை முன்பே இணையத்தில் எடுத்தால் நீண்ட வரிசை தவிரும். உள்நாட்டவருக்கும் வெளிநாட்டவருக்கும் கட்டணம் வெவ்வேறு என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். குட்டி போடும் காலமாகிய பெப்ரவரி, மார்ச் மாதங்களில் பூங்காவை மூடிவிடுவது வழக்கம்.

பொதியின் துண்டுப் பிரசுரத்தில் மலை முழுதும் ஊதா நிறத்தில் குறிஞ்சி பூத்திருக்கும் படம் இருந்தது. நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது, அங்கே கடைசியாக 2018இல் பூத்தது, அடுத்தது 2030. அந்தப் படத்தை நம்பி இந்த ஆண்டு யாரும் முற்பணம் கட்ட வேண்டாம்.

தேயிலையைப் பற்றிப் பொதி சொல்வதெல்லாம் 'படமெடுக்கும் இடம்' என்பது மட்டுமே. யாழ்ப்பாணத்தவருக்கு அங்கே பார்க்க வேறு விடயங்கள் உண்டு. கொழுந்து பறிக்கும் பெண்கள் பேசுவது தமிழ். அவர்களின் முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து கங்காணிகளின் கீழ் கொண்டுவரப்பட்டவர்கள். தொழிலாளர் வசிக்கும் லயன் அறைகளின் அமைப்புக்கூட நம் மலையகத்தில் அட்டனிலும் பதுளையிலும் கண்டதேதான். மூணாற்றின் தோட்டங்களிற் பெரும்பகுதி 2005 முதல் ஊழியரும் தொழிலாளரும் பெரும்பான்மைப் பங்கு வைத்திருக்கும் ஒரு கம்பனியிடம் இருக்கிறது. அதே கம்பனியின் பெண் தொழிலாளர்கள் போனசுக்காகவும் கூலிக்காகவும் 2015இல் தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒதுக்கிவிட்டு வீதியில் இறங்கினார்கள். 2020 ஓகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயன்களை மூடியதில் 70 பேர் மாண்டார்கள். 2014இல் கொஸ்லாந்தை மீரியாபெத்தைத் தோட்டத்தில் நடந்த மண்சரிவை அறிந்தவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. தேயிலை அருங்காட்சியகத்தில் இயந்திரங்களையும், 1924 வெள்ளம் அடித்துச் சென்ற மலை ரயில் பாதையின் கதையையும் காணலாம். தொழிலாளரின் கதையைக் கேட்க வேண்டுமானால் பசாரில் ஒரு தேநீர்க் கடையில் அமர்ந்தால் போதும், மொழி தடையில்லை.

கொச்சியைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த ஒல்லாந்தத் தளபதி ரிக்லொவ் வான் கூன்ஸ்தான் 1663இல் கொச்சியையும் பிடித்தவர் என்பது எங்கள் வழிகாட்டிக்குத் தெரியவில்லை. சொன்னபோது ஆர்வத்தோடு குறித்துக்கொண்டார். மட்டாஞ்சேரியில் 1568இல் எழுந்த யூத வழிபாட்டிடத்தின் நீலநிறச் சீனத் தரை ஓடுகளைப் பார்க்கவே நான் ஆவலாயிருந்தேன். ஏற்பாட்டாளர் எங்களைக் கொண்டுபோனது சனிக்கிழமை. யூதரின் ஓய்வு நாளான சனிக்கிழமையில் அது மூடியிருக்கும் என்பதை நிரல் போட்டவர் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். சீன மீன்பிடி வலைகளை மாலையில் பார்த்தோம். நன்றாயிருந்தன.

ஆலப்புழையின் படகுவீடு பொதியின் விலையில் பெரும் பங்கை விழுங்கும் பொருள். பலகைகளை ஆணியின்றிக் கயிற்றால் தைத்து, ஒரு காலத்தில் நெல் ஏற்றிய கெட்டுவள்ளங்களின் வழிவந்தவை அவை. வேம்பநாட்டு ஏரியின் ஓரத்தில், கடல் மட்டத்துக்குக் கீழே வரம்பு கட்டி நெல் விளைக்கும் குட்டநாட்டைப் படகின் மேல்தட்டிலிருந்து பார்ப்பது உண்மையிலேயே விசேடம்; உவர்நீரைத் தடுக்கத் தொண்டைமானாற்றில் நாம் அணை கட்டியதைப் போல அவர்கள் தண்ணீர்முக்கத்தில் கட்டியிருக்கிறார்கள். ஆனால் மீனவர்களின் வலைகளுக்காக மாலை ஐந்தரை மணியளவில் படகுகள் கரையில் கட்டப்பட்டுவிடும். இரவு முழுவதும் நாம் தங்குவது நின்றுகொண்டிருக்கும் படகில். பக்கத்துப் படகின் பாட்டும் மின்பிறப்பாக்கியின் இரைச்சலும் துணை. பகலில் சில மணித்தியாலங்கள் சிறு வள்ளத்தில் ஒடுங்கிய வாய்க்கால்களுக்குள் போனால் இதைவிடக் குறைந்த செலவில் கூடுதலாகக் காணலாம். மிஞ்சும் இரவை மூணாற்றுக்குக் கொடுங்கள். பொதியிலுள்ள கடற்கரை மாலையையும் விட்டுவிடலாம். கசூரினாவும் சாட்டியும் உள்ளவர் அதற்காகப் பறக்க வேண்டியதில்லை.

சாப்பாட்டில் நமக்கு அந்நியம் எதுவும் இல்லை. சிவப்பரிசிச் சோறு, தேங்காய்ப்பால், கொறுக்காய்ப்புளி விட்ட மீன் குழம்பு, புட்டும் கடலையும் என்று எல்லாம் வீட்டு ருசிக்கு அண்மையில் இருக்கின்றன. உறைப்பு மட்டும் சற்றுக் குறைவு. விடுதிகளின் 'பஃபே' உணவு எல்லா ஊர்களிலும் ஒன்றுபோல் சப்பென்று இருந்தது. இரவு உணவைப் பொதியிலிருந்து எடுத்துவிட்டு வெளியே சாப்பிடுவது வயிற்றுக்கும் பைக்கும் நல்லது.

எப்போது போவது என்பதை நம் பாடசாலை விடுமுறைகள் தீர்மானிக்கின்றன; அங்கேதான் சிக்கல். ஓகஸ்டில் இங்கே நல்லூர்த் திருவிழா வெயில். அங்கே தென்மேற்குப் பருவ மழை. அருவிகள் நிறைந்திருக்கும், மூணாற்றிலிருந்து கொச்சிக்கு இறங்கும் வழியில் வாளறையும் சீயப்பாறையும் பொங்கி விழும். ஆனால் மண்சரிவு எச்சரிக்கை வந்தால் மலைப் பாதைகள் மூடப்படும். டிசெம்பர் விடுமுறையில் காலநிலை மிக இதம். ஆயினும் நவெம்பர் நடுப்பகுதி முதல் ஜனவரி வரை சபரிமலைப் பக்தர்களால் குமுளிப் பாதை நெருக்கமாக இருக்கும், விடுதி விலையும் ஏறும். ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் சமவெளி வேகும் என்றாலும் மலை குளிர்மையாக இருக்கும்; இரவிகுளம் வழமையாகத் திறந்திருக்கும்; யானைகளும் ஏரிக்கு இறங்கும். என்னைக் கேட்டால் ஏப்ரல்.

திரும்பும் வழியைப் பற்றியும் பேரம் பேசுங்கள். கொச்சியிலிருந்து மறுபடியும் திருச்சிக்கு வான் வண்டியில் வருவது ஒரு முழுப் பகலைத் தின்றுவிடும். வயதானவர்கள் களைத்துப் போகிறார்கள். கொச்சியிலிருந்து கொழும்புக்கு நேரடி விமானம் இருப்பதால், போவதற்குப் பலாலியையும் வருவதற்குக் கட்டுநாயக்காவையும் வைத்துக்கொண்டால் அந்தப் பகல் மீதமாகும். இந்திய இணைய விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது வெளியேறும் விமான நிலையத்தையும் குறிப்பிட வேண்டியிருப்பதால், இந்த மாற்றத்தைப் பணம் கட்டும் நாளிலேயே ஏற்பாட்டாளரிடம் சொல்லி எழுத்தில் வாங்கிவிடுங்கள்.