பி0011 என்று காட்டி டைமிங் செயினை மாற்றச் சொன்னால் உடனே சம்மதிக்காதீர்கள்

வேளச்சேரியில் ஓடும் ஒரு பெட்ரோல் கார். சிக்னலில் நின்றால் ஐடிலிங் ஆடுகிறது, பிக்கப் இல்லை, செக் இன்ஜின் லைட் எரிகிறது. ஒர்க் ஷாப்பில் பிழைக் கோட் படிக்கும் ஸ்கேனரை மாட்டிய கையோடு, "பி0011 காட்டுது சார், டைமிங் செயின் போயிடுச்சு, கிட்டோட மாத்திடணும்" என்று முடித்துவிட்டார்கள். (கிராங்க்ஷாஃப்ட்டையும் காம்ஷாஃப்ட்டையும் இணைத்துச் சுழற்றும் செயின் அது.) செயின், டென்ஷனர், கைடு, காம்ஷாஃப்ட்டின் கோணத்தை மாற்றும் விவிடி கியர், லேபர் என்று பில் முப்பதாயிரத்தைத் தாண்டியது. வண்டி வெளியே வந்த சில நாளில் அதே லைட், அதே கோட். வேறோர் இடத்தில் ஆயில் கன்ட்ரோல் வால்வைக் கழற்றிப் பார்த்தால் அதன் சல்லடை முழுக்கக் கருங்கசடு. அதைச் சுத்தம் செய்து, சரியான கிரேடு ஆயிலும் புது ஃபில்டரும் போட்டதும் கோட் திரும்பவில்லை. பழைய செயினைக் கேட்டதற்கு முதல் ஒர்க் ஷாப் தந்த பதில்: "ஸ்கிராப்ல போட்டாச்சு."

பி0011 சொல்வது இவ்வளவுதான்: இன்டேக் காம்ஷாஃப்ட் (காற்று உள்ளே வரும் வால்வுகளைத் திறக்கும் தண்டு), இசியு எனும் இன்ஜின் கணினி கேட்ட கோணத்தைவிட முன்னால் போய் நிற்கிறது. ஏன் நிற்கிறது என்று அது சொல்லாது. காம்ஷாஃப்ட் முனையிலுள்ள விவிடி கியரைத் திருப்புவது இன்ஜின் ஆயிலின் அழுத்தம். அந்த ஆயிலை எந்தப் பக்கம் விடுவது என்பதை சோலினாய்டு வால்வு, அதாவது மேலே சொன்ன ஆயில் கன்ட்ரோல் வால்வு, தீர்மானிக்கிறது. ஆகவே சோதனை ஆயிலில்தான் தொடங்க வேண்டும். டிப்ஸ்டிக்கில் அளவு குறைந்திருந்தாலே இந்தக் கோட் வரலாம். 0டபிள்யூ-20 கேட்கும் இன்ஜினில் "நம்ம ஊர் வெயிலுக்கு இதுதான் சார்" என்று 20டபிள்யூ-50 ஊற்றியிருந்தாலும் வரலாம். கெட்டியான ஆயில் அந்தக் குறுகிய துளைகளில் வேகமாக ஓடாது. ஓஎம்ஆர் நெரிசலில் மணிக்கணக்கில் ஐடிலில் நிற்கும் வண்டிக்கு கிலோமீட்டர் கணக்கு மட்டும் போதாது. மேனுவலில் கடின உபயோகத்துக்கென்று தந்திருக்கும் குறைந்த இடைவெளியில் ஆயில் மாற்றுங்கள்.

அடுத்தது வால்வு. பெரும்பாலான இன்ஜின்களில் ஒரே ஒரு போல்ட்தான், செயின் கவரைத் தொடவே வேண்டாம். கனெக்டரைக் கழற்றி இரண்டு பின்களுக்கு நடுவே மல்டிமீட்டரை வையுங்கள். டொயோட்டாவின் பல இன்ஜின்களில் 20 டிகிரியில் 6.9 முதல் 7.9 ஓம் இருக்க வேண்டும். மற்ற வண்டிகளுக்கு அந்தந்த சர்வீஸ் மேனுவலைப் பாருங்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: ஓடி வந்த சூட்டோடு அளந்தால் செம்புக் கம்பியின் தடை கூடி 9 ஓம்கூடக் காட்டும். அது பழுதே இல்லை. இன்ஜின் ஆறிய பிறகு அளக்கச் சொல்லுங்கள். பிறகு ஐடிலில் வால்வுக்கு நேராக 12 வோல்ட் சில நொடி கொடுத்தால், இன்டேக் பக்க வால்வு நன்றாக இருக்கும்பட்சத்தில் இன்ஜின் தடுமாறும் அல்லது அணைந்துவிடும். எதுவுமே மாறவில்லை என்றால் வால்வு சிக்கியிருக்கிறது, அல்லது ஆயில் வழி அடைத்திருக்கிறது. இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டுக்கும் ஒரே பார்ட் நம்பர் என்றால் இடம் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். கோட் பி0014-க்கு (எக்ஸாஸ்ட் காம்ஷாஃப்ட்டுக்கான அதே பிழை) தாவினால் குற்றவாளி வால்வுதான்.

செயின் உண்மையிலேயே நீண்டிருந்தால் அறிகுறி வேறு. காலையில் முதல் ஸ்டார்ட்டில் செயின் பக்கம் கடகடவென்று சத்தம் வரும். கிராங்க்கும் காமும் ஒத்துப்போகவில்லை என்ற பி0016 வரும். ஆனால் சிக்கிய வால்வும் பி0016-ஐத் தரும் என்பதால், அதைக் காட்டினாலும் முதலில் வால்வையே பார்க்கச் சொல்லுங்கள். அப்போதும் சந்தேகம் இருந்தால், ஆயில் பிரஷர் சுவிட்ச் இருக்கும் துளையில் கேஜ் மாட்டி அழுத்தம் அளந்த பிறகே கவரைத் திறக்க வேண்டும். திறந்த கவரின் சீலன்ட்டைச் சரியாகப் போடாமல் மூடினால் ஆயில் கசிவு என்று புதிய தலைவலி வேறு.

பி0010 (இன்டேக் பக்க வால்வு), பி0340 (காம்ஷாஃப்ட் சென்சார்) இரண்டும் மின்சுற்றுப் பிழைகள். இவற்றுக்கும் செயின் மாற்றச் சொல்கிறவரிடம் வண்டியை விடவே கூடாது. மழைநீரில் நின்ற வண்டி என்றால் கனெக்டர் பின்களில் பச்சைப் பூப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதைச் சுத்தம் செய்யாமல் புது சென்சார் போட்டால் காசுதான் போகும்.

வண்டியைக் கொடுக்கும் முன்பே ஸ்கேனர் திரையில் எல்லாக் கோட்களையும், ஃப்ரீஸ் ஃப்ரேம் தகவலையும் (கோட் விழுந்த நொடியில் இன்ஜின் இருந்த நிலையின் பதிவு) போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கோட்-ஐ அழித்துவிட்டால் அந்தத் தகவலும் போய்விடும். எஸ்டிமேட்டில் ஒவ்வொரு பார்ட் நம்பரும் இருக்க வேண்டும். அதே நம்பருக்கு சென்னை ஜி.பி. ரோடு உதிரிபாகக் கடைகளில் விலை கேட்டால் வித்தியாசம் தெரிந்துவிடும். "கழற்றிய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும்" என்று ஜாப் கார்டிலேயே எழுத வையுங்கள். புதுப்பேட்டையில் வாங்கிய பழைய வால்வைப் புதிதென்று மாட்டாமல் இருக்க, புதுப் பெட்டியையும் கேட்டு வாங்குங்கள்.

ஏற்கெனவே பணம் கட்டியாகிவிட்டது என்றால் ஜிஎஸ்டி பில், முன்பும் பின்பும் எடுத்த ஸ்கேன் போட்டோ, இரண்டாவது ஒர்க் ஷாப்பின் எழுத்துபூர்வ அறிக்கை மூன்றையும் சேர்த்து வைத்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியுங்கள். அங்கே தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். அதற்கு இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு.