பழைய கிண்டில் வாங்குகிறீர்களா? கடை வெளிச்சத்தில் பார்த்து ஏமாறாதீர்கள்

போன மாதம் 8,500 ரூபாய் கொடுத்து ஒரு பழைய கிண்டில் பேப்பர்வைட் (மின்புத்தகம் படிக்கும் அமேசான் ரீடர்) வாங்கி ஏமாந்தேன். பணம் போனதுகூடப் பரவாயில்லை. தெளிவாகக் கேட்ட கேள்விக்கு முகத்தைப் பார்த்தே பொய் சொன்னார்களே, அதுதான் இன்னும் ஆறவில்லை. நீங்களும் இதைத் தேடிக்கொண்டிருந்தால் கொஞ்சம் பொறுமையாகப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

எங்கள் வீட்டில் படுக்கையறை ஒன்றுதான். மகளுக்கு இரண்டு வயது. அவள் தூங்கிய பிறகு கிடைக்கிற ஒரு மணி நேரம்தான் எனக்கு வாசிக்கும் நேரம். டியூப்லைட் போட முடியாது. போனில் படித்தால் கண் எரிகிறது, வெளிச்சம் அவள் முகத்திலும் அடிக்கிறது. அதனால் மங்கலான மஞ்சள் வெளிச்சம் உள்ள ரீடர்தான் வேண்டும் என்று தீர்மானித்தேன். பேப்பர்வைட்டில் அந்த வசதி 2021 மாடலில்தான் வந்தது. அதற்கு முந்தைய 2018 மாடலிலும் விளக்கு உண்டு, ஆனால் வெள்ளை மட்டும்தான்.

பழைய போன், டேப்லெட் விற்கும் கடை ஒன்று. "பேப்பர்வைட், வார்ம் லைட், புதுசு மாதிரி" என்று இணையத்தில் விளம்பரம் போட்டிருந்தார்கள். வார்ம் லைட் என்றால் நான் தேடிய அந்த மஞ்சள் வெளிச்சம்தான். மதிய நேரம் போனேன். கூரை முழுக்க டியூப்லைட். கவுண்டரில் இருந்த பையன் நாலு பக்கம் புரட்டிக் காட்டிவிட்டு விளக்கை முழுதாகக் கூட்டினான். "பாருங்கக்கா, பளிச்சுன்னு இருக்கு." அந்தக் கடை வெளிச்சத்தில் விளக்கு எரிகிறதா அணைந்திருக்கிறதா என்றே எனக்குத் தெரியவில்லை.

"மஞ்சளா மாத்தறது எங்கே தம்பி?" என்று கேட்டேன்.

"அது அப்டேட்ல வரும்கா. வைஃபை போட்டு ஒரு நைட் விட்டுடுங்க, தானா வந்துடும்."

நம்பிவிட்டேன்.

அன்று இரவு அறையை இருட்டாக்கிவிட்டுத் திறந்தேன். இடது கீழ்மூலையில் கறுப்பாக ஒரு நிழல். வலது ஓரத்தில் நீலமாக வெளிச்சம் கசிந்தது. நடுப்பக்கத்தில் நட்சத்திரம் போல ஒரு புள்ளி. எந்த வரியைப் படித்தாலும் கண் அந்தப் புள்ளிக்கே போனது. வைஃபை போட்டு மூன்று நாள் விட்டும் மஞ்சள் வெளிச்சம் வரவில்லை.

அப்புறம்தான் இந்த விளக்கு எப்படி வேலை செய்கிறது என்று உட்கார்ந்து படித்தேன். வாங்கும் முன் படித்திருக்க வேண்டும். போன் திரையில் வெளிச்சம் பின்னாலிருந்து நம் கண்ணை நோக்கி வருகிறது. ரீடரில் அப்படி இல்லை. சட்டத்துக்குள் ஓரமாகச் சின்னச் சின்ன எல்இடிகள் இருக்கும். திரைக்கு மேலே ஒட்டியிருக்கும் மெல்லிய கண்ணாடி போன்ற தாள் அந்த வெளிச்சத்தை வாங்கிப் பரப்பி, கீழே எழுத்தின் மேல் இறக்குகிறது. எழுத்தில் பட்டுத் திரும்புவதைத்தான் நாம் பார்க்கிறோம், காகிதத்தில் விளக்கு படுவது போல. அந்தத் தாளில் ஊசிமுனை அளவு குத்துப்பட்டால்கூட வெளிச்சம் அங்கே பிதுங்கிப் புள்ளியாகத் தெரியும். பிரித்து மறுபடி சரியாக ஒட்டாவிட்டால் ஓரத்தில் கசியும். பகலில் அறை வெளிச்சமே எழுத்தைக் காட்டிவிடுவதால் இந்தக் குறை எதுவும் கண்ணில் படாது.

மஞ்சள் வெளிச்சத்துக்குத் தனியாக ஆம்பர் நிற எல்இடிகள் உள்ளே இருக்க வேண்டும். என் கையில் இருந்தது 2018 மாடல். அதில் ஐந்து எல்இடி, ஐந்தும் வெள்ளை. எந்த அப்டேட் வந்தாலும் இல்லாத விளக்கு எப்படி எரியும்?

திரும்ப எடுத்துக்கொண்டு போனேன். "இங்க் ஸ்கிரீன்னா அப்படித்தான்கா இருக்கும்" என்றான் அந்தப் பையன். காகிதம் போலத் தெரியும் இந்த ரீடர் திரையைத்தான் அப்படிச் சொன்னான். இதில் பாதி உண்மை இருப்பதால்தான் பலரும் பேசாமல் திரும்பி வந்துவிடுகிறார்கள். 2012-இல் வந்த முதல் பேப்பர்வைட்டில் அடிப்பக்கம் லேசாக நிழல் தெரியும், நிறையப் பேர் அப்போதே குறைப்பட்டுக்கொண்டார்கள். ஆனால் நடுத்திரையில் புள்ளி, ஓரத்தில் கசிவு எல்லாம் அந்த வகை இல்லை. கடை விளக்கை அணைத்துவிட்டுப் பார்க்கலாம் என்றேன், முடியாது என்றார்கள். முதலாளி வந்து பில்லை எடுத்து நீட்டினார். அதில் "கிண்டில், யூஸ்டு" என்று மட்டும் இருந்தது. மாடலும் இல்லை, வார்ம் லைட் என்ற சொல்லும் இல்லை. வேண்டுமானால் 3,000 ரூபாய்க்குத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்றார். வாங்கிப் பத்து நாள்கூட ஆகவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்திருக்கிறேன். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் இருக்கிறதா என்று கேட்டார்கள். வாங்கிய அன்று எடுத்து வைக்கத் தோன்றவில்லை.

தயவுசெய்து நீங்கள் அப்படி விட்டுவிடாதீர்கள். விளம்பரத்தைப் படம் எடுத்து வையுங்கள், பில்லில் மாடலையும் ஆண்டையும் எழுதச் சொல்லுங்கள். சார்ஜர் துளையைப் பாருங்கள். 2018 பேப்பர்வைட்டில் பழைய மைக்ரோ யுஎஸ்பி, 2021 மாடலில் டைப்-சி. திரையும் முன்னதில் 6 அங்குலம், பின்னதில் 6.8. மேலிருந்து விரலை இழுத்தால் வரும் பட்டியலில் வெளிச்சத்துக்கு ஒரு கோடு, மஞ்சளுக்கு இன்னொரு கோடு என இரண்டு இருக்க வேண்டும். ஒன்றுதான் இருக்கிறதென்றால் யார் என்ன சொன்னாலும் அதில் மஞ்சள் வராது. அப்புறம் முக்கியமாக, வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து விளக்கைப் பாதி அளவில் வைத்து இருட்டில் பாருங்கள். கடையில் இருட்டு எங்கே என்றால், துப்பட்டாவைத் தலையோடு போர்த்திக்கொண்டாவது பாருங்கள். கூச்சப்பட வேண்டாம். நான் கூச்சப்பட்டுத்தான் கேட்காமல் வந்தேன்.

நேற்று அதே கடையின் விளம்பரம் மறுபடி வந்திருந்தது. "பேப்பர்வைட், வார்ம் லைட்." இந்த முறை படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அடியில் இருக்கும் துளை மைக்ரோ யுஎஸ்பி.