டைமிங் போகாது, பொறுமைதான் போகும்

என் பழைய பெட்ரோல் காரில், ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் அடியில் மறுபடியும் ஆயில் கசிவு. ஓ-ரிங் சூட்டில் காய்ந்து விறைத்துவிட்டது. ஒரு சின்ன ரப்பர் வளையத்தை மாற்ற மொத்த டிஸ்ட்ரிபியூட்டரையும் வெளியே எடுக்க வேண்டும். இந்த வண்டியில் எனக்குத் தீராத எரிச்சல் இது ஒன்றுதான்.

கழற்றினால் டைமிங், அதாவது தீப்பொறி விழும் நேரம், போய்விடும் என்று பயமுறுத்துவார்கள். திரும்பப் பொருத்தும்வரை எஞ்சினை யாரும் சுற்றாமல் இருந்தால் போகவே போகாது. பேட்டரி ஒயரைக் கழற்றிவிடுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியான கேப்பை ஒயர்களோடு அப்படியே ஓரமாகத் தள்ளி வையுங்கள். உள்ளே சுற்றும் ரோட்டாரின் முனை எங்கே பார்க்கிறதோ, டிஸ்ட்ரிபியூட்டர் பாடி விளிம்பில் அங்கே ஒரு கோடு. பாடியும் எஞ்சின் பிளாக்கும் சேரும் இடத்தில் இன்னொன்று. சாக்பீஸ் வேண்டாம், ஆயில் பட்டால் அழிந்துவிடும்.

பலர் கோட்டைவிடுவது மூன்றாவது கோட்டில். அடியில் உள்ள கியரின் பற்கள் சாய்வாக வெட்டப்பட்டவை. தூக்கத் தூக்க ரோட்டார் தானாகத் திரும்பும். கியர் விடுபட்டதும் ரோட்டார் நிற்கும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். திரும்ப இறக்கும்போது அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். இறங்க இறங்கத் திரும்பி, முதல் கோட்டில் வந்து அமைதியாக உட்காரும். அதைப் பார்க்கும்போதெல்லாம் இந்த எஞ்சினை வடிவமைத்தவர்மேல் மரியாதை வருகிறது.

அந்த மரியாதை கிளாம்ப் போல்ட் வரைதான். டிஸ்ட்ரிபியூட்டரை இறுக்கிப் பிடிக்கும் அந்த போல்ட்டை எஞ்சினுக்கும் பின்சுவருக்கும் நடுவில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வைத்திருக்கிறார்கள். வளைந்த ஸ்பேனரை விட்டுத் தடவித் தடவித்தான் திருப்ப வேண்டும். வைத்த மனிதர் ஒருமுறையாவது தன் கையால் கழற்றிப் பார்த்திருப்பாரா?

ஒரு பல் தள்ளி உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று கேட்பார்கள். கியரில் 13 பற்கள் என்றால் ஒரு பல்லுக்குச் சுமார் 28 டிகிரி. டிஸ்ட்ரிபியூட்டர், பிஸ்டன்கள் சுற்றும் முக்கியத் தண்டான கிராங்கின் பாதி வேகத்தில்தான் சுற்றும். ஆக கிராங்க் கணக்கில் 55. வண்டி ஸ்டார்ட் ஆகாது, ஸ்டார்ட் ஆனாலும் கார்புரேட்டர் வழியாக வெடிக்கும்.

சில எஞ்சின்களில் ஆயில் பம்பையும் இதே ஷாஃப்ட்தான் ஓட்டும். அப்போது கடைசி சில மில்லிமீட்டர் இறங்காமல் அடம்பிடிக்கும். போல்ட்டை முறுக்கி இழுத்து உட்காரவைக்காதீர்கள். வெளியே எடுத்து, நீள ஸ்க்ரூடிரைவரால் பம்ப் ஷாஃப்ட்டைக் கொஞ்சம் திருப்பினால் போதும். கியருக்குப் பதில், நடுவிலிருந்து விலகிய நாக்கு வைத்த டிஸ்ட்ரிபியூட்டர்களும் உண்டு. அவை ஒரே விதமாகத்தான் பொருந்தும். அப்படி வண்டி வைத்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமை.

கோடுகள் பொருந்தினாலும் தீப்பொறி விழும் நேரத்தைக் காட்டும் டைமிங் லைட் வைத்துப் பார்த்துவிடுங்கள். கையேடு சொன்னால் டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் வேக்யூம் ஹோஸைக் கழற்றி அடைத்துவிட்டு, ஐடிலிங்கில். பாடியை 1 டிகிரி திருப்பினால் கிராங்கில் 2 டிகிரி மாறும், அதனால் மெதுவாக.

ஸ்கேனர் வேண்டாம், கணினி வேண்டாம், மூன்று கோடு போதும். இவ்வளவு எளிமையான எஞ்சின் இனி வரப்போவதில்லை. ஆனாலும் இதே எஞ்சின் உள்ள வண்டியை வாங்கலாமா என்று கேட்ட நண்பரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அப்படியானால் உன்னுடையதை விற்கிறாயா என்றார். அதுவும் முடியாது என்றேன்.